பதினோராவது அடி

நாற்பத்தாறு வயதில் எனக்குக் குங்ஃபூ கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நான் யாரையும் அடிக்க வேண்டியதில்லை, என்னையும் யாரும் அடிக்க வரவில்லை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. இருபது வருடமாக ஊராருடைய சர்க்கரையை அளந்து சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் சும்மா இருக்காமல் என்னுடையதையும் அளந்து பார்த்தேன். நம்பமுடியாமல் மறுபடியும் பார்த்தேன். மெஷின் மேல் பழி போடலாமென்றால், தினமும் காலையில் அந்த மெஷினைச் சரிபார்ப்பதே நான்தான்.

டாக்டர் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பது பிடிக்காது. எங்கேயும் போய்ச் சேராமல் வெறுமனே நடப்பது அதைவிடப் பிடிக்காது. எங்கள் வீடு சேலையூர் தாண்டி ஏரிப் பக்கம் இருக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனை. அங்கே காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு பாதியில் குங்ஃபூவும் மறு பாதியில் சிலம்பமும் நடக்கும். சுவரில் சாய்த்து வைத்த போர்டில் "எல்லா வயதினருக்கும்" என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லை நம்பி உள்ளே போனேன்.

முதல் நாளே ஒரு வம்பு காதில் விழுந்தது. எங்களை வரிசையில் நிறுத்தி வணக்கம் வைக்கச் சொன்ன மாஸ்டர், புதிதாக வந்தவர்களுக்காக நிதானமாக அறிவித்தார். "இது அசல் சீனக் கலை. கொஞ்சம்கூடக் கலப்படம் கிடையாது."

மனையின் அந்தப் பாதியில் கம்பு சுழற்றிக்கொண்டிருந்த கனத்த மனிதர் சுழற்றுவதை நிறுத்தாமலேயே குரல் கொடுத்தார். "இன்னா சீனம், பெரிய சீனம்? எல்லாம் காஞ்சீபுரத்துலேர்ந்து போன சரக்கு மச்சான்!"

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாஸ்டரும் கண்டுகொள்ளாமல் "ஒன், டூ" என்று எண்ண ஆரம்பித்தார். பள்ளியில் காலை மணி அடிப்பதுபோல இதுவும் தினமும் நடப்பதுதான் என்று எனக்குப் புரிந்தது.

மாஸ்டருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ரயில்வேயில் ஃபிட்டர். பகலெல்லாம் மின்சார ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டு முடுக்குகிறவர், காலையில் மட்டும் கறுப்பு உடையில் விறைப்பாக நிற்பார். சிலம்பம் சொல்லிக்கொடுத்தவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள். மனை அவருடையது. அந்தப் பக்கத்தின் பழைய குடும்பம். நெல் விளைந்த இடத்தில் இப்போது அவருக்கு வாடகை வீடுகள் நிற்கின்றன. இந்த ஒரு மனையில் மட்டும் செங்கல் வைக்காமல் கம்பு சுற்ற விட்டிருந்தார். பாதி மனையை மாஸ்டருக்குச் சும்மாவே கொடுத்திருந்தார். கொடுத்த உரிமையில் தினமும் அவரை வம்புக்கும் இழுத்தார்.

இரண்டு பேரும் பத்தொன்பது வயதிலிருந்து சிநேகிதர்கள். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், எல்லோரும் பெரிய மாஸ்டர் என்று கூப்பிட்ட ஒரே குருவிடம் குங்ஃபூ கற்றவர்கள். மாஸ்டர் பன்னிரண்டு வருடம் அங்கேயே கிடந்தார். வாத்தியார் இரண்டாவது வருடம் ஏதோ கோபித்துக்கொண்டு சிலம்பத்துக்குப் போய்விட்டார். என்ன கோபம் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஏரிக்கரை டீக்கடையில் கச்சேரி தொடங்கும். மாஸ்டருடைய கட்சி இதுதான். பெரிய மாஸ்டர் வாலிபத்தில் பல்வலிக்காகப் பட்டணத்தில் ஒரு சீனப் பல் வைத்தியரிடம் போனார். அந்தச் சீனர் பல்லையும் பிடுங்கி, போகப் போக வித்தையையும் கற்றுக்கொடுத்தார். அந்த வித்தைதான் மாடிக்கு வந்தது, மாடியிலிருந்து மனைக்கு வந்தது. நேர் வழி, நடுவில் வேறு ஸ்டேஷனே கிடையாது.

வாத்தியாருடைய கட்சி இதற்கும் பின்னால் போகும். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு துறவி கடல் தாண்டிப் போனார். மலை மேல் ஒரு மடத்தில் உட்கார்ந்தே இருந்து நோஞ்சானாகிப்போன சீனச் சாமியார்களுக்குக் கை கால் அசைக்கக் கற்றுக்கொடுத்தார். அதுதான் குங்ஃபூ. "நம்ம ஆளு போலன்னா அவன் கையத் தூக்கி ஈகூட ஓட்டியிருக்க மாட்டான்" என்பார். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் விடியற்காலையில் இதே செய்தி, கண் கூசும் மஞ்சள் எழுத்தில் வந்து விழும்.

"அதுக்கு முன்னாடி ஆயிரம் வருஷமா அவங்க ஊர்ல சண்டையே நடக்கலையா மச்சான்? அடிக்கிறதுக்குக்கூட காஞ்சீபுரத்துலேர்ந்து ஆள் வரணுமா?" என்பார் மாஸ்டர்.

"சண்டை வேற, கலை வேற. தெரியாம பேசிகினு கீற."

எனக்கு இந்த இடத்தில் வாய் சும்மா இருக்காது. என் தொழில் அப்படி. சாம்பிள் இல்லாமல் ரிசல்ட் கிடையாது. "மாஸ்டர், அந்தப் பல் டாக்டரை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பார்த்ததில்லை. "வாத்தியாரே, அந்தத் துறவி அங்க போய் முஷ்டி மடக்கினார்னு யாராவது அப்பவே எழுதி வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, "தங்கச்சி, ஒனக்கு எல்லாத்துக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கணும்" என்றார்.

ஆனால் இரண்டு பேரும் ஒரே ஒரு ஆதாரம் வைத்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் அதே ஆதாரம்தான்.

எங்கள் வகுப்பின் உயிர்நாடி நாரை வரிசை. முப்பத்தாறு அடிகளை இடைவிடாமல் தொடர்ந்து செய்ய வேண்டும். அதில் பதினோராவது அடியில், நேரே போய்க்கொண்டிருக்கும் உடம்பு திடீரென்று இடது முழங்காலை உயர்த்தி, எதையோ தாண்டுவதுபோல ஒரு எட்டு பக்கவாட்டில் எகிறி இறங்கும். நாரை நீர்ப்பாம்பைத் தாண்டுகிறது என்று அதற்கு விளக்கம். மாஸ்டர் சீன வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தவர். அவற்றில் எதிலும் இந்தத் தாண்டல் இல்லை. வேறு யாராவது என்றால் அங்கே சந்தேகம் வந்திருக்கும். மாஸ்டருக்குப் பெருமை வந்தது. "பார்த்தீங்களா மேடம், சீனாவுலயே தொலைச்சுட்டாங்க. தாம்பரத்துல பத்திரமா இருக்கு" என்றார்.

வாத்தியாருடைய சிலம்பத்திலும் அதே தாண்டல் இருந்தது. கம்பை இடுப்பில் சுழற்றிக்கொண்டே இடது காலைத் தூக்கி எகிறுவார். காஞ்சிபுரம் கோயில் தூண் ஒன்றில் காலைத் தூக்கி நிற்கும் ஒரு சிற்பத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தார். "இங்க கீது, அங்க கீது, நடுவுல தூண்லயும் கீது. இன்னும் இன்னா வேணும்?" என்பார். அந்தச் சிற்பம் நடனமாடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிடுவதாக மிரட்டினார்.

அந்தத் தாண்டல் எனக்கு வர ஐந்து மாதம் ஆனது. என் முழங்கால் மேலே போகும், உடம்பு கூடப் போகாது. பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெட்டுக்கிளி மாதிரி எகிறுவார்கள், நான் பீரோ நகர்த்துகிறவள்போல நகர்வேன். ஒரு மார்கழிக் காலையில், எதையும் யோசிக்காமல் இருந்த ஒரு நொடியில், எகிறி இறங்கினேன். இரண்டு காலும் சத்தமில்லாமல் மண்ணைத் தொட்டன. மாஸ்டர் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி பேசியே வளர்ந்தவளுக்கு வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், அன்று முழுக்க ஒவ்வொரு நோயாளிக்கும் ஊசி குத்தும்போது சிரித்துக்கொண்டே குத்தினேன்.

அடுத்த வருடம் வகுப்புக்குச் சோதனை வந்தது. பள்ளிக்கரணைப் பக்கம் ஏசி ஹாலில் புதிதாக ஒரு குங்ஃபூ வகுப்பு தொடங்கினார்கள். அங்கே கொடுக்கிற சான்றிதழ் மாநிலச் சங்கத்தின் முத்திரையோடு வரும், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்க உதவும். எங்கள் மாஸ்டர் கொடுக்கிற சான்றிதழில் அவருடைய கையெழுத்துதான் இருக்கும். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை அங்கே மாற்றினார்கள். நாற்பது பேர் நின்ற வரிசை பத்தொன்பது பேருக்குச் சுருங்கியது. அதில் நான்கு பேர் என்னைப் போல சர்க்கரைக் கேசுகள்.

மாஸ்டர் ஒருநாள் டீக்கடையில் அமைதியாகச் சொன்னார். "சங்கத்துல சேரணும்னு அப்ளை பண்ணப் போறேன். வந்து பார்த்து அங்கீகாரம் கொடுத்தா நடத்துவேன். இல்லன்னா பொங்கலோட மூடிடறேன் மச்சான். பத்துப் பேருக்கு ஒன், டூ சொல்லிகிட்டு நிக்க முடியல."

வாத்தியார் அன்று வாதாடவில்லை. டீக்குக்கூடச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடிக்காமல் குடித்துவிட்டுப் போனார். அதைப் பார்த்துத்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்கு உறைத்தது.

விண்ணப்பத்தை நிரப்ப நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். பாணியின் பெயர், குருவின் பெயர் எல்லாம் சுலபமாகப் போயிற்று. "பாணி தோன்றிய இடம்" என்ற கட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. சீனா என்றார் ஒருவர், காஞ்சிபுரம் என்றார் மற்றவர். மூன்று டீ ஆறிப்போனது. கடைசியில் விண்ணப்பம் மாஸ்டருடையது என்பதால் "சீனா" என்று எழுதினேன். வாத்தியார் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். அதற்கு அடுத்த கட்டம் "பாணியின் தனித்தன்மை". மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன்: பதினோராவது அடியில் தாண்டல், நாரை நீர்ப்பாம்பைத் தாண்டும் பாவனை, தொன்மையான சீன முறை, வேறெங்கும் காணக் கிடைக்காதது.

ஆதாரம் எங்கே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. மாஸ்டருடைய முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. குருவின் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்பது மாஸ்டருடைய வழக்கம். அதற்கு இரண்டு வாரம் முன்பு வெற்றிலை பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினார். அந்த மாடியைப் பார்க்க வேண்டும் என்று நானும் தொற்றிக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன்தான். ஆனாலும் ரயிலில்தான் போக வேண்டும் என்றார். அவர் பழுது பார்த்த பெட்டியா என்று ஏறுமுன் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பெரிய மாஸ்டர் இறந்து பல வருடமாகிவிட்டது. வீட்டில் அவருடைய மகள் இருந்தார். என் வயதுதான் இருக்கும், தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து வரவேற்றார். காபி கொடுத்துவிட்டு எங்களை மாடிக்குக் கூட்டிப்போனார். சின்ன மாடி. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. எங்கே எந்த வரிசை நிற்கும், யார் எங்கே விழுந்து பல் உடைந்தது என்று மாஸ்டர் குதூகலமாகச் சொல்லிக்கொண்டே போனார்.

"அப்பா நிக்கிற இடத்துல நின்னு ஒரு வாட்டி செஞ்சு காட்டுங்கண்ணா. பார்த்து ரொம்ப நாளாச்சு" என்றார் மகள்.

மாஸ்டர் தயங்கினார். தொட்டிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் முன்னால் பெரிய மாஸ்டர் நிற்பாராம். மாணவர்கள் பின்னால் நின்று அவர் முதுகைப் பார்த்தபடி செய்வார்களாம். பன்னிரண்டு வருடத்தில் ஒருநாளும் குரு நின்ற இடத்தில் அவர் கால் வைத்ததில்லை. மகள் வற்புறுத்தவே, அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நின்றார். நாரை வரிசையைத் தொடங்கினார்.

நான் மனசுக்குள் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது அடியில் இடது முழங்கால் உயர்ந்தது, உடம்பு பக்கவாட்டில் எகிறியது, இறங்கியது. அவர் தாண்டிய இடத்தில், தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர்வரைக்கும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய் ஓடியது.

மாஸ்டர் பன்னிரண்டாவது அடிக்குப் போகவில்லை. குனிந்து குழாயைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மகள்தான் சிரித்தார். "இன்னும் அதைத் தாண்டுறீங்களாண்ணா? அந்தக் குழாய்ல இடிச்சு அப்பாவுக்குக் கட்டை விரல் நகமே பேந்துபோச்சு. நான்தான் மஞ்சள் வச்சுக் கட்டினேன். அப்புறம்தான் எகிற ஆரம்பிச்சார். பின்னாடி நின்ன நீங்க எல்லாரும் எகிறினீங்க. யாரோ ஒருத்தர் இது என்ன மாஸ்டர்னு கேட்டப்போ, நாரை, பாம்புன்னு ஏதோ அடிச்சு விட்டுட்டு, கீழ வந்து அம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சார்."

மாஸ்டர் அந்தக் குழாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இதுல எத்தனை நாள் மூஞ்சி கழுவியிருக்கேன் மேடம்" என்றார், ஏதோ குழாய் அவருக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி.

திரும்பி வரும் ரயிலில் ஏறும்போது அவர் பெட்டியை எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளே குமுறிக்கொண்டு சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. ஒரு வருடமாக ஆதாரம், ஆதாரம் என்று நச்சரித்தவள் நான்தான். ஆதாரம் கிடைத்துவிட்டது. அது வராமலே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

டீக்கடையில் வாத்தியாரிடம் சொன்னோம். அவர் வயிறு குலுங்கச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. தன் இடது காலையே குனிந்து பார்த்தார்.

"மச்சான், அந்த ஸ்டெப்ப நானும் அங்கேர்ந்துதான் எடுத்துகினு போனேன்" என்றார்.

"அப்ப தூண்?" என்றேன் நான்.

"தூண விடு தங்கச்சி." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னும் தாழ்ந்த குரலில், "பெரிய மாஸ்டராண்ட அது இன்னான்னு கேட்டதும் நான்தான்" என்றார்.

அதற்குமேல் மாஸ்டரால் முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். நாற்பது வருடமாக ஒரு தண்ணீர்க் குழாயை நடுவில் போட்டுக்கொண்டு, சீனாவா காஞ்சிபுரமா என்று சண்டை போட்ட இரண்டு பெரிய மனிதர்களும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடித்ததும் விண்ணப்பம் நினைவுக்கு வந்தது. தொன்மையான சீன முறை என்று என் அழகான கையெழுத்தில் போய்ச் சேர்ந்திருந்தது.

"சொல்லாத மச்சான். அவங்களுக்கு இன்னா தெரியப் போவுது? பாம்புன்னா பாம்பு" என்றார் வாத்தியார்.

நானும் அதையேதான் சொன்னேன். "மாஸ்டர், இதை நம்ம மூணு பேரோட விட்டுடலாம். அங்கீகாரம் வரட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்."

மாஸ்டர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே மேடம் சொல்வீங்க, சாம்பிள் எடுத்துட்டா ரிசல்ட்டைக் கொடுத்தே ஆகணும்னு. பேஷன்ட் அழுவாரேன்னு மாத்திக் கொடுப்பீங்களா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என் வார்த்தையால் என்னையே அடித்தார், அதுவும் கை தூக்காமல். ஆனால் அவரும் என்ன செய்வதென்று முடிவு சொல்லவில்லை. பதினோராவது அடியை எடுத்துவிடலாம் என்று ஒரு வாரம் முயன்று பார்த்தோம். பத்தொன்பது பேரில் ஒருவரால்கூட முடியவில்லை. பத்து என்று எண்ணியதும் முழங்கால் தானாகக் கிளம்பியது. மாஸ்டருக்கே கிளம்பியது.

ஆய்வு நாளன்று இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எழுதிக்கொள்ள, மற்றவர் பார்வையிட. பார்வையிட்டவர் ஒடிசலான மனிதர், அறுபது வயதிருக்கும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாத்தியார் தன் பாதி மனையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலம் போடச் சொல்லி, கல்யாண வீட்டுக்காரர்போல வாசலில் நின்றார். நாங்கள் நாரை வரிசை செய்தோம். பதினோராவது அடியில் பத்தொன்பது முழங்கால்கள் உயர்ந்து, பத்தொன்பது பேர் ஒரே சத்தத்தில் இறங்கினோம். என் வாழ்நாளின் மிகச் சுத்தமான தாண்டல் அதுதான்.

பார்வையாளர் காகிதத்தைப் புரட்டினார். "இதுதான் அந்தப் பழைய சீன முறையா? நாரை, பாம்பு?"

வாத்தியார் தூரத்திலிருந்து மாஸ்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொல்லு, சொல்லு என்று அந்தத் தலை கெஞ்சியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இல்ல சார்" என்றார் மாஸ்டர். "எழுதும்போது எனக்குத் தெரியாது. ரெண்டு வாரம் முன்னாடிதான் தெரிஞ்சுது. அது தண்ணிக் குழாய் சார்."

சொல்ல ஆரம்பித்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், மாடி, தொட்டி, நகம், மஞ்சள் உட்பட. வரிசையில் நின்ற பிள்ளைகளும் அப்போதுதான் கேட்டார்கள். யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடினார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பார்வையாளர் சிரிக்கவில்லை. "குழாய் எவ்ளோ உயரம்?" என்று கேட்டார். மாஸ்டர் தரையிலிருந்து ஒரு சாண் வைத்துக் காட்டினார். "அந்த ஒரு அடியை மட்டும் எல்லாரும் திரும்பச் செய்யுங்க" என்றார். செய்தோம். எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் மண்ணில் மண்டியிட்டு, கால்களை மட்டும் பார்த்தார். இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை செய்தோம். எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இவங்கள்ல எத்தனை பேர் அந்தக் குழாயைப் பார்த்திருக்காங்க?"

"நானும் இந்த மேடமும்தான் சார்."

"பார்க்காத குழாய்ல ஒருத்தர் கால்கூட இடிக்கல" என்றார் அவர். "சின்னப் பிள்ளையிலிருந்து இந்தம்மா வரைக்கும் எல்லாரும் அதே ஒரு சாண் தாண்டறாங்க. எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பல வகுப்பு பார்த்திருக்கேன், எல்லாரும் பெரிய பெரிய கதை வச்சிருக்காங்க. ஆனா கத்துக்கொடுத்தது சிந்தாம சேர்ந்திருக்கா, அதைத்தான் நான் பார்க்க வந்தேன்." காகிதத்தை மாஸ்டரிடம் நீட்டினார். "தப்பா இருக்கிற கட்டத்தை அடிச்சுட்டுத் திருத்திக் கொடுங்க."

மாஸ்டர் பேனாவை என்னிடம் தரவில்லை. தானே வாங்கி, "சீனா" என்பதை அடித்தார். அதற்குமேல் தன் கோணல் எழுத்தில் "தாம்பரம் சானடோரியம், மொட்டை மாடி" என்று எழுதினார். பார்வையாளர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

பொங்கலுக்கு முன்பே அங்கீகாரக் கடிதம் வந்தது. போன பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள், புதியவர்களும் வந்தார்கள். வாத்தியார் ஒரு வாரம்தான் அடங்கி இருந்தார். எட்டாம் நாள் டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார். "மச்சான், அந்தக் குழாய் எந்த ஊர் சரக்குன்னு விசாரிச்சியா? காஞ்சீபுரம் ரோட்டாண்ட அந்தக் காலத்துல ஒரு பெரிய இரும்புக் கடை இருந்துச்சு."

அடுத்த புரட்டாசியில் பெரிய மாஸ்டரின் மகள் மாடியில் புதுத் தொட்டி கட்டினார். பழைய குழாயை வெட்டி எடுக்கும்போது, பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல் மாஸ்டருக்குப் போன் செய்தார். மூன்றடித் துண்டு ஒன்றை மாஸ்டர் பழைய போர்வையில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதே வாரம் ஆயுத பூஜை. எங்கள் மனையில் எப்போதும் இரண்டு பூஜை, சண்டையும் இரண்டு. அந்த வருடம் ஒன்றாகவே செய்தோம். சிலம்பக் கம்புகள், எங்கள் கோல்கள், மரக் கத்திகள் எல்லாவற்றையும் பாய் விரித்து அடுக்கினோம். அவற்றுக்கு நடுவில் அந்தத் துருப்பிடித்த குழாய். அதற்குச் சந்தனம் வைத்தது நான், குங்குமம் வைத்தது வாத்தியார். பொரி கடலை கொடுத்தோம், வாசலில் பூசணிக்காய் உடைத்தோம்.

பூஜை முடிந்ததும் குழாயை மண்ணில் போட்டு, அதன் மேலேயே வரிசையைச் செய்து பார்க்கலாமா என்று புதுப் பையன் ஒருவன் ஆசையாகக் கேட்டான். மாஸ்டரும் வாத்தியாரும் ஒரே குரலில் அதட்டினார்கள். நான் பார்த்தவரை இருவரும் ஒரே பேச்சைப் பேசியது அன்றுதான். "பொட்டு வச்ச ஆயுதத்தைத் தாண்டக் கூடாது!"

ஆகவே குழாய் பாயிலேயே இருந்தது. நாங்கள் அதைப் பார்த்து வரிசையாக நின்று வணங்கினோம். வாத்தியாரும் கம்பைக் கீழே வைத்துவிட்டு, நாற்பது வருடத்துக்குப் பிறகு, எங்கள் கடைசி வரிசையில் வந்து நின்றார். மாஸ்டர் எண்ணினார். பத்துக்குப் பிறகு எல்லோரும் முழங்காலைத் தூக்கி, வெறும் மண்ணில், ஒரு சாண் உயரம் தாண்டினோம்.